கருவியா, ஊன்றுகோலா?

"கோல்ஃப்" என்ற சொல்லைக் கண்டதும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த கவிதைக்குப் போய்விட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். "அது செல்வர்களின் ஆட்டம், நம் கல்லூரி மலரில் அதற்கென்ன இடம்?" என்று கேட்ட நண்பர்கள் உண்டு. பந்தை அடிப்பவர் செல்வராக இருக்கலாம். ஆனால் பையைத் தோளில் சுமந்து அவர் பின்னால் பதினெட்டுக் குழிகளும் நடப்பவன் யார்? உதகையில் பிறந்து வளர்ந்த நான் சனி, ஞாயிறுகளில் கேடி வேலைக்குப் போய்த்தான் இயற்பியல் படித்துக்கொண்டிருக்கிறேன். மஞ்சள் பூப்பூத்து நிற்கும் அந்த முட்புதர்களுக்குள் கைவிட்டுப் பிறர் தொலைத்த பந்துகளைத் தேடி எடுத்த கீறல்கள் இன்னும் என் முழங்கையில் இருக்கின்றன. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓபன் போட்டியில் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரர்களில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 1993இல் மீண்டும் வென்றார். பை சுமப்பவன் மட்டை பிடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

நான் இங்கே பேச வந்தது ஆட்டத்தைப் பற்றிக்கூட அன்று. ஒரு பாடத்துக்கும் அடுத்த பாடத்துக்கும் இடையில் நாம் தனியே இருக்கிறோமே, அந்த நாட்களைப் பற்றி. அந்த நாட்களில் எந்தக் கருவியைக் கையில் எடுப்பது, எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது என்பதில் நான் ஒரு முறை நன்றாக ஏமாந்தேன். அந்த ஏமாற்றத்தின் விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். கல்வி உதவித்தொகையிலிருந்து எடுத்த பணம். வீட்டில் இன்னும் முழு விவரம் தெரியாது.

எனக்கு மாதம் ஒரு முறைதான் பாடம். சொல்லித்தருபவர் குன்னூரிலிருந்து வருவார். அவரும் ஒரு காலத்தில் பை சுமந்தவர்தான். நாங்கள் எல்லாரும் அவரை "மாஸ்டர்" என்போம். ஒரு மணி நேரம் பார்ப்பார், ஒரே ஒரு குறையைச் சொல்வார், தேநீர் குடிப்பார், பேருந்து ஏறிவிடுவார். அதன்பின் முப்பது நாட்கள் நானும் என் குறையும் மட்டும். வீட்டின் பின்புறம் கேரட் பாத்திக்கு அப்பால் இரண்டு கம்பங்கள் நட்டு, பழைய கம்பளி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். அதை நோக்கித்தான் அடிப்பது. பந்து கம்பளியில் மோதி விழுந்துவிடும். அது வலப்பக்கம் வளைந்து போயிருக்குமா, நேராகப் போயிருக்குமா என்பது அந்தக் கம்பளிக்கே வெளிச்சம்.

என் குறை எல்லாரும் அறிந்த குறைதான்: பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். ஆங்கிலத்தில் ஸ்லைஸ் என்பார்கள். சென்ற ஆண்டு ஜூலைப் பாடத்தில் மாஸ்டர், "தம்பி, உன் கால் எங்கே பார்க்குதுன்னு முதல்ல பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கோ அது மிகச் சாதாரணமாகப் பட்டது. இவ்வளவு பெரிய குறைக்கு இவ்வளவு சிறிய மருந்தா? கைபேசியில் தேடினேன். மணிக்கட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் கருவி கண்ணில் பட்டது. அதை மாட்டிக்கொண்டால் மணிக்கட்டு தவறான பக்கம் மடியவே மடியாதாம். வாங்கினேன். மாட்டிக்கொண்டு அடித்தேன். மாலையில் ஆட்டமெல்லாம் ஓய்ந்தபின் பயிற்சித் திடலில் பத்துப் பந்துகள் அடித்துப் பார்த்தபோது எட்டு நேராகப் போயின! அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை, மகிழ்ச்சியால்.

மூன்று வாரம் அந்தக் கவ்வியோடேயே பயிற்சி. அதன்பின் கேடிகளுக்குள் நடந்த ஒரு சிறு போட்டியில் கவ்வியைக் கழற்றிவிட்டு முதல் குழியில் நின்றேன். முதல் பந்து முட்புதருக்குள். இரண்டாவது பந்தும் அதே புதருக்குள். மட்டை என் கையில் யாரோ ஒருவருடைய மட்டைபோல் இருந்தது. பையைத் தூக்கியவர்கள் எல்லாம் அன்று பார்வையாளர்கள். என் தம்பியும் இருந்தான். அவன் எதுவும் சொல்லவில்லை என்பதுதான் வருத்தமாக இருந்தது.

அடுத்த மாதம் மாஸ்டரிடம் கவ்வியைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது உன் மணிக்கட்டைப் பிடிச்சுக்குது. சரி. நான் மணிக்கட்டைப் பத்தி எப்பப்பா சொன்னேன்?" என்றார். எனக்கு விடை இல்லை.

இங்கே இரண்டு பிழைகள் நடந்திருக்கின்றன. முதலாவது, ஆசிரியர் சொன்ன குறைக்கும் நான் வாங்கிய கருவிக்கும் உறவே இல்லை. வயிற்றுவலிக்கு மருத்துவர் எழுதித்தந்த சீட்டை வைத்துவிட்டு, விளம்பரத்தில் கண்ட கண் சொட்டு மருந்தை வாங்கிய கதை. இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. அந்தக் கவ்வி என் வேலையைத் தானே செய்துவிட்டது. நான் தவறு செய்ய முடியாதபடி தடுத்தது. தவறு எங்கே என்று எனக்குச் சொல்லவில்லை. கருவிகளில் இந்த இரண்டு சாதியும் உண்டு. ஒன்று நம்மைப் பிடித்துக்கொள்வது. மற்றொன்று நாம் செய்ததை நமக்குத் தெரிவிப்பது. முன்னதை வாங்கத்தான் மனம் ஓடும், ஏனெனில் பலன் அன்றைக்கே தெரிகிறது.

இது என் சொந்த அனுபவத்தை வைத்து மட்டும் சொல்வதன்று. உடலியக்கக் கல்வியை ஆராய்ந்த சல்மோனி, ஷ்மிட், வால்ட்டர் என்னும் மூவர், அதுவரை நடந்திருந்த பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்து 1984இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் பயில்பவனுக்குத் தகவல் தந்துகொண்டே இருந்தால் பயிற்சியின்போது அவன் திறமை விரைவாக உயர்ந்து தோன்றும். அந்தத் தகவலை நிறுத்திவிட்டுச் சோதிக்கும்போதோ அவன் பின்தங்கிவிடுவான் என்பது அவர்கள் கண்ட கருத்து. தகவல் மட்டும் தரும் கருவிக்கே இந்த நிலை என்றால், கையைப் பிடித்து இழுக்கும் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஆகவே நல்ல கருவியையும் எந்நேரமும் வைத்துக்கொள்ளலாகாது. ஐந்து பந்து கருவியோடு, ஐந்து பந்து கருவி இல்லாமல் என்பது இப்போது என் வழக்கம். கருவி இல்லாத ஐந்தில்தான் நான் எங்கே நிற்கிறேன் என்பது தெரிகிறது.

"கருவியே வேண்டாம், உழைப்பு ஒன்றே போதும். அந்தக் காலத்தில் எவன் கருவி வைத்திருந்தான்?" என்று வாதிடும் நண்பர்களும் எங்கள் குழுவில் உண்டு. ஸ்பெயின் நாட்டின் பெட்ரேன்யாவில் செவே பாலெஸ்டெரோஸ் கடற்கரை மணலில் ஒரே ஒரு மட்டையை வைத்துக்கொண்டு ஆட்டம் பயின்றதை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். கிரிக்கெட்டில் டான் பிராட்மன், பௌரல் என்னும் சிற்றூரில் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து, அது திரும்பி வரும்போது ஸ்டம்ப்பால் அடித்துப் பழகியதையும் சொல்வார்கள். நானும் அவர்களை வணங்குகிறேன். ஆனால் சற்று எண்ணிப் பாருங்கள். பிராட்மனின் ஸ்டம்ப் ஒரு கருவி அன்றோ? மெல்லிய குச்சியின் நடுவில் பட்டால் பந்து நேரே போகும், பிசகினால் வேறெங்கோ பறக்கும். அடித்த மறுகணமே அது தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அவர் கையைப் பிடிக்கவில்லை. உலகில் இதைவிடச் சிறந்த பயிற்சிக் கருவி ஒன்று விலைக்குக் கிடைக்குமா என்பது ஐயமே.

வெறும் உழைப்பு போதாது என்பதற்கு இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு காரணம் கூறுவேன். மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் நடப்பதை எந்தக் கண் காணும்? பந்து முதலில் எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம் பார்க்கும் திசை. மட்டை வீசப்படும் பாதைக்கும் அந்த முகத்துக்கும் உள்ள வேறுபாடு பந்தை வளைக்கிறது. பழைய புத்தகங்கள் பல இதைத் தலைகீழாகச் சொல்லிவந்தன. பந்து பாதையின் திசையில் கிளம்பும் என்றன. ரேடார் கருவிகள் வந்து அளந்து காட்டியபின்தான் அந்தப் பாடம் மாறியது. தலைமுறை தலைமுறையாக அடித்தவர்களே தம் கண்முன் நடந்ததைத் தவறாக விளங்கிக்கொண்டிருந்தார்கள் என்றால், கம்பளி முன் நிற்கும் நான் எம்மாத்திரம்?

என் ஸ்லைஸ் கதையும் இதில்தான் அடங்கியிருக்கிறது. பந்து வலப்பக்கம் போகிறதே என்று நான் என்னை அறியாமல் கால்களை இடப்பக்கம் திருப்பி நின்றிருக்கிறேன். கால் திரும்பினால் தோள் திரும்பும். தோள் திரும்பினால் மட்டை இன்னும் இடப்பக்கமாகக் குறுக்கே வெட்டிப் போகும். முகத்துக்கும் பாதைக்கும் வேறுபாடு கூடும். பந்து முன்னைவிட அதிகமாக வலப்பக்கம் வளையும். மறுநாள் நான் இன்னும் இடப்பக்கம் திரும்பி நிற்பேன். உழைக்க உழைக்கக் குறை வளர்ந்த விந்தை இது. மாஸ்டர் ஏன் காலைப் பார்க்கச் சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அதற்கான கருவி இரண்டு மூங்கில் குச்சிகள். கடையில் வண்ணம் பூசிய இழைக்கண்ணாடிக் கம்பிகளாக விற்கிறார்கள். அவை கெட்டவை அல்ல, ஆனால் எங்கள் அவரைப் பந்தலில் குச்சிக்குப் பஞ்சமில்லை. ஒன்றைப் பந்தை ஒட்டி இலக்கை நோக்கி வைக்க வேண்டும். மற்றொன்றைக் கால்விரல்களுக்கு முன்னால், முதற்குச்சிக்கு இணையாக. நம் மலை ரயிலின் தண்டவாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பந்து ஒரு தண்டவாளத்தில் போகும், நாம் மற்றதில் நிற்கிறோம். கால்களை இலக்குக்கே நேராக வைப்பது தவறு என்பதும் இதனால் விளங்கும். குச்சிகளை வைத்த முதல் நாள், "இவ்வளவு வலப்பக்கமா நிற்பது!" என்று எனக்கு உடம்பே கூசியது. நான் எவ்வளவு கோணலாக நின்றுவந்தேன் என்பதற்கு அந்தக் கூச்சமே அளவுகோல்.

மெய்யான அளவுகோல் ஒன்றும் என்னிடம் உண்டு. கிரீன் எனப்படும் வழுவழுப்பான புல்திட்டில் பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டையைப் பட்டர் என்பார்கள். (வைணவக் கோயில் பட்டரை இதில் இழுக்க வேண்டாம் என்று தமிழ்த்துறை நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.) பட்டர் பயிற்சிக்குக் கண்ணாடி பதித்த பலகைகள், மின்சாரத்தில் பந்தைத் திருப்பியனுப்பும் குழிகள் என்று என்னென்னவோ வந்திருக்கின்றன. எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஒரு மீட்டர் அளவுகோல் அவற்றையெல்லாம் தோற்கடிக்கும். அதன் ஒரு முனையில் பந்தை வைத்து மறுமுனை வரை விழாமல் உருட்ட வேண்டும். அவ்வளவுதான். அளவுகோலின் அகலம் சுமார் 3 சென்டிமீட்டர். நடுவில் கிளம்பிய பந்து ஒரு மீட்டர் ஓடியும் விழவில்லை என்றால் அதன் விலகல் ஒன்றரை சென்டிமீட்டருக்குள். அதே கோணத்தில் 3 மீட்டர் ஓடினால் விலகல் நாலரை சென்டிமீட்டருக்குள் இருக்கும். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். அதில் பாதி 5.4 சென்டிமீட்டர். ஆக, அளவுகோலைக் கடந்த பந்து, தரை சமமாகவும் வேகம் அளவாகவும் இருந்தால், 3 மீட்டர் தொலைவுக் குழியில் விழுந்தே தீரும். முதல் நாள் இருபதில் ஆறுதான் கடந்தது. ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் சிரித்துவிட்டுத் தாமும் ஒரு முறை முயன்றார், அவருடையது கடந்துவிட்டது!

உலகப் புகழ் பெற்ற டைகர் உட்ஸ்கூட இதற்குத் தரையில் இரண்டு சிறு மர ஆணிகளை ஊன்றி, பட்டரின் தலை மட்டும் நுழையும் அளவுக்கு வாசல் அமைத்துத்தான் பயிற்சி செய்பவர். அந்த ஆணிக்கு ஆட்டத்தில் டீ என்று பெயர். நீலகிரியில் டீ வேறு எதைக் குறிக்கும் என்று கேட்டுவிடாதீர்கள்.

கைக்குட்டையையும் கரும்பலகைச் சுண்ணத்தையும் சொல்லாமல் விட முடியாது. ஃபிஜியில் பிறந்த இந்திய வம்சாவளியினரான விஜய் சிங், 2004ஆம் ஆண்டில் அமெரிக்கச் சுற்றில் ஒன்பது போட்டிகளை வென்றவர், அக்குளில் ஒரு துணியை இடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் அடிப்பதற்குப் பெயர்போனவர். கை உடம்பைவிட்டு விலகிப் பறந்தால் துணி விழுந்துவிடும், அதுதான் செய்தி. ஆனால் இது சிறு வீச்சுகளுக்கே பொருந்தும். முழு வீச்சிலும் துணி விழாமல் காக்க முயன்றால் தோள் இறுகிப்போகும். சுண்ணமோ இன்னும் எளிது. மட்டையின் முகத்தில் சுண்ணத்தூளை மெல்லத் தேய்த்துவிட்டு அடித்தால், பந்து எங்கே பட்டது என்பது அச்சடித்தாற்போல் தெரியும். என் பந்துகள் நடுவில் படாமல் நுனியை நோக்கி ஒரு விரற்கடை தள்ளிப் பட்டுக்கொண்டிருந்ததை நான் அறிந்தது இதனால்தான். சுண்ணம் கொடுத்துதவிய கணிதப் பேராசிரியர் எதற்கென்று கேட்கவில்லை. இப்போது தெரிந்துகொள்வார்.

கைபேசியைப் பற்றிச் சற்று எச்சரிக்கை. நம் வீச்சை நாமே மெதுவாக ஓடவிட்டுப் பார்ப்பது பெரும் பேறுதான். ஆயினும் பின்புறமிருந்து படம் எடுக்கும்போது கைபேசி கைகளின் உயரத்தில், கால்களின் கோட்டில் இருக்க வேண்டும். ஓரடி இப்பக்கம் நகர்ந்தாலும் நேரான பாதை கோணலாகவும் கோணல் நேராகவும் தோன்றும். அந்தப் பொய்யை நம்பித் திருத்தப் புகுந்தால் கெட்டோம். நான் பத்துப் பந்துக்கு ஒருமுறைதான் படம் எடுக்கிறேன். எடுத்ததை மாஸ்டருக்கு அனுப்புகிறேன். அவர் இரண்டு நாள் கழித்து "ம்" என்று பதில் போடுவார்.

எங்கள் கல்லூரியில் கோல்ஃப் பழகுவோர் ஐந்தே பேர். பந்தின் வேகம், சுழற்சி, கோணம் எல்லாவற்றையும் திரையில் காட்டும் சிறு ரேடார் கருவி ஒன்றைக் கல்லூரி விளையாட்டு நிதியிலிருந்து வாங்கித்தரக் கேட்கலாம் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவர் வாதத்திலும் நியாயம் உண்டு. இம்மலையின் உயரம் 2,200 மீட்டருக்கு மேல். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்து இங்கே கூடுதல் தூரம் போகும். கோவைக்கோ சென்னைக்கோ ஆடப் போகிறவன் இங்குக் கண்ட தூரத்தை நம்பினால் தவறுவான். அளந்து தெரிந்துகொள்வது நல்லதுதான். ஆனால் என் கருத்து மாறவில்லை. அளந்த எண்ணுக்குப் பொருள் சொல்ல அருகில் ஒருவர் வேண்டும். மாஸ்டர் மாதம் ஒருமுறைதான் வருகிறார். மற்ற இருபத்தொன்பது நாளும் நாங்கள் ஐவரும் திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டு, நேற்றைய எண்ணை இன்று முறியடிக்க மட்டையை ஓங்கி ஓங்கி அடிப்போம். அந்தப் பணத்துக்கு மாஸ்டரை மாதம் இருமுறை வரவழைக்கலாம் என்பதே என் வாக்கு. ஐவரில் மூவர் என் பக்கம், மற்ற இருவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மேலும் ஒன்று. ஆட்ட விதிகளின் 4.3ஆம் விதிப்படி, சுற்று நடக்கும்போது இத்தகைய பயிற்சிக் கருவியைக்கொண்டு ஒத்திகை வீச்சுப் போட்டால் இரண்டு அடிகள் தண்டம். மீண்டும் செய்தால் போட்டியிலிருந்தே நீக்கம். குச்சி, கவ்வி எல்லாம் வெளியே நிற்க வேண்டியவை. தேர்வுக்கூட வாசலில் நாம் வைத்துவிட்டுப் போகும் கையேடுகள் எனக்கு நினைவுக்கு வருகின்றன. விடையை முழுதாக எழுதித்தரும் கையேட்டை வைத்துக்கொண்டு பருவம் முழுவதும் "படித்த" நண்பர்களை நான் அறிவேன். என் மேசையிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பயிற்சியின் போக்கைப் பற்றியும் ஒரு சொல். 1978இல் கெர், பூத் என்னும் இருவர் எட்டு வயதுச் சிறுவரை இரு குழுவாக்கிச் சிறு பைகளை எறியச் செய்தனர். ஒரு குழு 3 அடி தொலைவிலேயே எறிந்து பழகியது. மற்றது 2 அடியிலும் 4 அடியிலும் பழகியது, 3 அடியைத் தொடவே இல்லை. இறுதியில் 3 அடியில் சோதித்தபோது மேம்பட்டு நின்றது இரண்டாவது குழு! இதைப் படித்தபின் ஒரே தூரத்துக்கு ஒரே மட்டையால் ஐம்பது பந்து அடிப்பதை விட்டுவிட்டேன். மட்டையை மாற்றுகிறேன், கம்பளியில் குறி வைக்கும் இடத்தையும் மாற்றுகிறேன். சலிப்பும் குறைகிறது.

அந்தப் பிளாஸ்டிக் கவ்வி இப்போது என் தம்பியிடம் இருக்கிறது. அவன் அதை மாட்டிக்கொண்டு மிதிவண்டி ஓட்டுகிறான். என் பந்து இன்னும் வலப்பக்கம் வளையத்தான் செய்கிறது. ஆனால் முன்போல் புதர்வரை போவதில்லை. சென்ற ஞாயிறு அளவுகோலில் இருபதுக்குப் பதினான்கு கடந்தன. செய்முறைத் தேர்வு நெருங்குவதால் அதை வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வுக்கூடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று அண்ணன் நினைவூட்டியிருக்கிறார். அதற்குள் பதினாறாவது ஆக வேண்டும்.